பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம்!

"சாமி, இந்தப் பெண் பிறப்பதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே இவளுக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கிறதே!" என்று சொல்லிச் சிரித்தவாறே எங்கள் உபதேசியார் ஒரு தாளை என் மேசைமீது வைத்தார்.

வாங்கிப் பார்த்தேன். திருமணத்திற்காகத் தயாரிக்கப்பட்ட ஞானஸ்நானச் சான்றிதழ் அது. பிறந்த நாள் 1996 அக்டோபர் 25; ஞானஸ்நானம் பெற்ற நாள் 1996 மார்ச் 11. அதன் அடியில் நான் கையொப்பமிட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. உடனே அலமாரியைத் திறந்து, அவ்வாண்டுக்குரிய பழைய பதிவேட்டைப் புரட்டினோம். அன்றைய பங்குத்தந்தையின் அழகிய கையெழுத்தில் 3-11-1996 என்று ஐயத்திற்கிடமின்றி எழுதப்பட்டிருந்தது. அதாவது நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. கணிப்பொறியோ அதனை மார்ச் 11 ஆக்கிவிட்டது.

உபதேசியார் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில், அந்த ஒரு மாதத்திற்குள் அதே கணிப்பொறியிலிருந்து எடுத்த ஒன்பது சான்றிதழ்களில் நான் ஏற்கெனவே கையொப்பமிட்டுக் கொடுத்திருந்தேன். அவற்றை எல்லாம் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது மூன்றில் இதே பிழை. ஒன்று வேறொரு பங்கிற்கு ஓலை வாசிப்பதற்காகச் சென்றுவிட்டிருந்தது. மற்றொன்று கடவுச்சீட்டு விண்ணப்பத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. தேதி மாறிய சான்றிதழோடு அலுவலகங்களில் அலைந்தவர்களுக்கே அதன் துன்பம் தெரியும். அக்குடும்பங்களின் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டு, கையாலேயே புதிய சான்றிதழ்கள் எழுதிக் கொடுத்தேன்.

இப்பிழை எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்ந்தபோது, நம் பிள்ளைகளின் தொழில் இன்று எவ்வாறு மாறி வருகிறது என்பதை நான் கற்றுக்கொள்ள நேர்ந்தது. அதனையே வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

நிகழ்ந்தது என்ன?

எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறார். இன்று நம் பகுதியில் இத்தகைய இளைஞர் இல்லாத தெரு அரிது. சிறுசேரித் தொழிற்பூங்காவிலும், பரனூரை அடுத்த மகேந்திரா உலக நகரத்திலும், கூடுவாஞ்சேரியை ஒட்டிய அலுவலகங்களிலும் வேலை செய்வோரின் பேருந்துகள் விடியற்காலையிலேயே நம் வீட்டு வாசல்களைக் கடந்து செல்கின்றன. பெற்றோரில் பலருக்குத் தம் மகனோ மகளோ அங்கே என்னதான் செய்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரியாது. கணிப்பொறிக்கு இட வேண்டிய கட்டளைகளை வரிவரியாக எழுதுவதே அவர்கள் வேலை; அதற்கு நிரல் எழுதுதல் என்று பெயர்.

பங்குப் பதிவேடுகளைக் கணிப்பொறியில் ஏற்றித் தருவதாக அந்த இளைஞர் தாமே முன்வந்தார். பக்தசபைப் பெண்கள் சிலர் பதிவேட்டைப் பார்த்து விவரங்களைத் தட்டச்சு செய்தனர். பெயரைச் சொன்னால் பதிவைத் தேடிக் கொடுக்கவும், சான்றிதழை அச்சிடவும் தேவையான நிரலை இளைஞர் எழுதினார். மூன்று மாதங்கள் ஆகும் என்று எண்ணியிருந்த வேலையை மூன்றே வாரங்களில் முடித்துவிட்டார். வியந்துபோய்க் கேட்டேன். "சாமி, இப்போது நிரல் எழுதுவதற்குச் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் இருக்கிறது, நான் சொன்னேன், அது எழுதிற்று" என்றார்.

அந்த உதவியாளர் நன்மையும் செய்தது என்பதை மறைக்கலாகாது. யோசேப்பு என்ற பெயரைத் தேடினால் சில யோசேப்புகள் கிடைப்பர். சிலர் கிடைக்க மாட்டார்கள். இரண்டு இரவுகள் தேடியும் இளைஞருக்குக் காரணம் புலப்படவில்லை. உதவியாளரிடம் கேட்டவுடன் அது காரணத்தைக் காட்டிற்று. 'யோ' என்ற எழுத்தில் வரும் ஓகாரக் குறியைக் கணிப்பொறியில் ஒரே குறியாகவும் பதியலாம். முன்னே இரட்டைக் கொம்பு, பின்னே ஒரு கால் என இரண்டு குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, இயந்திரத்துக்கோ வெவ்வேறு. இரண்டையும் ஒரே வடிவத்திற்குக் கொண்டுவரும் வரிகளையும் அதுவே எழுதிக் கொடுத்தது.

அதே உதவியாளர்தான் தேதியிலும் தவறியது. நாம் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுகிறோம். அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதுவர். உதவியாளர் தேர்ந்துகொண்ட ஆயத்த நிரல் அமெரிக்க வழக்கத்தைப் பின்பற்றுவது. முதலில் நிற்கும் எண் 12க்கு மேற்பட்டிருந்தால், அது மாதமாக இருக்க முடியாது என்று தானே உணர்ந்து நாளாகக் கொள்ளும். 12 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் மாதமாகக் கொண்டுவிடும். ஆகவேதான் 25-10 சரியாக வந்தது, 3-11 தலைகீழானது. ஆண்டின் நாட்களில் 132 நாட்கள் இவ்வாறு புரளக்கூடியவை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு!

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். சோதனைகளையும் அந்த உதவியாளரே எழுதியது என்றார். அது எடுத்துக்கொண்ட சோதனைத் தேதி எது தெரியுமா? டிசம்பர் 25! கிறிஸ்து பிறப்பு விழா நாளில் எந்தக் குழப்பமும் வராது. வினாத்தாளைத் தானே தயாரித்து, விடையையும் தானே எழுதிய மாணவன் நூற்றுக்கு நூறு வாங்கியதில் வியப்பென்ன?

இக்கருவி யாது?

இதன் வரலாறு நீண்டதன்று. 2017இல் கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் எண்மர் 'டிரான்ஸ்ஃபார்மர்' என்னும் அமைப்பை உலகிற்கு அறிமுகம் செய்தனர். பெருந்திரளான எழுத்துக்களைப் படித்து, ஒரு சொல்லை அடுத்து எச்சொல் வரக்கூடும் என்று கணிக்கக் கற்பதே அதன் அடிப்படை. மனித மொழியைப் போலவே நிரல் மொழிக்கும் இம்முறை பொருந்திற்று. 2021 ஜூனில் முன்னோட்டமாக வெளிவந்த கிட்ஹப் கோபைலட், 2022 ஜூனில் அனைவருக்கும் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வந்தது. கர்சர், கிளாட் கோட் போன்ற கருவிகள் தொடர்ந்தன. முதலில் வந்தவை அடுத்த வரியை மட்டும் எடுத்துக் கொடுத்தன. இப்போதையவை கோப்புகளைத் தாமே படித்து, திருத்தி, சோதனைகளையும் ஓட்டிப் பார்க்கின்றன. நம் கூடுவாஞ்சேரிப் பக்கம் பெரிய அலுவலகம் கொண்டுள்ள சோகோ நிறுவனமும், 2025 ஜூலையில் 'சியா' என்ற பெயரில் தனது சொந்த மொழி மாதிரியை வெளியிட்டது.

இவ்வளவு ஆற்றல் இருந்தும், இக்கருவி நம் பதிவேட்டைப் பார்த்ததில்லை. நம் ஊர் வழக்கத்தை அறியாது. உலகில் பெரும்பான்மையாக எழுதப்பட்டதை ஒட்டியே அது எழுதும். சொல்லாத ஒன்றை அது ஊகித்துக்கொள்ளும். ஊகித்ததையும் உறுதியான குரலிலேயே சொல்லும்.

வேகம் மெய்தானா?

இளைஞர் இரண்டு ஆய்வுகளைப் பற்றி எனக்கு எடுத்துரைத்தார். கோபைலட்டைப் பற்றிய ஒரு சோதனையில் 95 நிரலர்களிடம் ஒரு சிறு வேலை கொடுக்கப்பட்டது. கருவியைப் பயன்படுத்தியோர் மற்றவர்களைவிட 55.8 விழுக்காடு விரைவாக முடித்தனர். ஆனால் மெட்டர் என்னும் ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் வெளியிட்ட முடிவோ வேறு. அதில் அனுபவம் மிக்க 16 நிரலர்கள், தாங்கள் நெடுநாள் பழகிய பெரிய நிரல்களில் 246 வேலைகளைச் செய்தனர். கருவியால் 24 விழுக்காடு நேரம் மிச்சமாகும் என்று முன்னதாக எதிர்பார்த்தனர். முடித்த பின்பும் 20 விழுக்காடு மிச்சமானதாகவே நம்பினர். கடிகாரம் காட்டியதோ 19 விழுக்காடு தாமதம்!

இவ்விரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. வெற்று மனையில் புதிதாகச் சிறு வீடு கட்டுவது ஒரு வேலை. மூன்று தலைமுறை வாழ்ந்த பழைய வீட்டில், எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்று அறிந்து ஒரு கதவை மாற்றுவது வேறு வேலை. மேலும், அந்த ஆய்வு 2025 தொடக்கத்தில் இருந்த கருவிகளைப் பற்றியது. கருவிகள் மாதந்தோறும் மாறுகின்றன. நாம் கொள்ள வேண்டிய பாடம், வேகமாகச் செய்தோம் என்ற உணர்வைக் கொண்டு வேகத்தை அளக்கலாகாது என்பதே. பிழையைத் தேடித் திருத்திய நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எங்கள் மூன்று வாரத்தோடு, பதிவுகளை எல்லாம் மீண்டும் ஒப்பிட்ட ஐந்து வாரங்களையும் கூட்டிப் பாருங்கள்!

மாமல்லபுரத்துக் கல் சொல்வது

பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரியையும் கேளம்பாக்கத்தையும் திருப்போரூரையும் கடந்து சென்றால், சாலை நம்மைப் பல்லவர் காலச் சிற்பிகளிடம் கொண்டுபோய் விடுகிறது. முடிந்த சிற்பங்களைக் காண்போர் பலர். முடியாமல் நின்றவற்றைக் காண்போர் சிலரே. முற்றுப்பெறாத குடைவரைகளில் பாறையின் முகத்தில் சதுரஞ்சதுரமாகக் காடிகள் வெட்டப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். சிற்பி முதலில் பாறையைச் சதுரங்களாகப் பிரிப்பான். காடிகளுக்கு நடுவே எஞ்சும் கட்டிகளைப் பெயர்த்தெடுப்பான். அந்த ஆழம் சரியாக இருந்தால் மட்டுமே மேலும் உள்ளே செல்வான். வெட்டிய கல்லைத் திரும்ப ஒட்ட முடியாதல்லவா?

இன்று அவ்வூர்ப் பட்டறைகளின் வழியே நடந்தால் உளியோசையைவிட மின்சக்கரத்தின் இரைச்சலே முந்திக் காதில் விழுகிறது. மிகுதிக் கல்லை விரைந்து அறுத்தெறிய மின்சக்கரம். கண்ணையும் விரலையும் முடிக்க உளி. மின்சக்கரத்தை அவர்கள் பழைய பணி முறைக்குள் ஓர் இடம் கொடுத்து வைத்துக்கொண்டனர். அளவு குறிப்பதும், கோடு போடுவதும், கடைசியில் தடவிப் பார்த்துக் குறை சொல்வதும் மனிதர் கையிலேயே இருக்கின்றன.

எங்கள் இளைஞர் இங்கேதான் தவறினார். அவருடைய அலுவலகத்தில் ஒரு வரி மாற்றினாலும், ஏன் மாற்றினேன் என்று குறிப்பு எழுத வேண்டும். உடன் பணிபுரிபவர் ஒருவர் அதைப் படித்து ஒப்புதல் தர வேண்டும். போலித் தகவல்களைக் கொண்டு சோதித்த பின்பே அது நடைமுறைக்குச் செல்லும். கோயில் வேலைதானே என்று அந்தப் படிகளை எல்லாம் விட்டுவிட்டார். புதிய கருவி அவற்றின் தேவையை நீக்கிவிட்டதாகவும் எண்ணிக்கொண்டார். உண்மையில் அக்கருவி வந்தபின்தான் அப்படிகள் முன்னைவிட அதிகம் தேவைப்படுகின்றன. ஏனெனில் எழுதப்படும் வரிகள் பெருகிவிட்டன, படித்துப் பார்க்கும் கண்களோ பெருகவில்லை.

பணி முறையில் சேர்ப்பது எவ்வாறு?

இளைஞர் தம் நிரலை மறுபடி அமைத்தபோது கைக்கொண்ட நெறிகளை, இத்தொழிலில் உள்ள நம் பிள்ளைகளின் பொருட்டு இங்கே தருகிறேன்.

முதலாவது, வேலையைச் சிறு சதுரங்களாகப் பிரித்தல். "சான்றிதழ் நிரல் முழுவதும் எழுது" என்று கேட்பதை விட்டு, "இத்தேதியைப் படிக்கும் பகுதியை மட்டும் எழுது" என்று கேட்டல். மனிதர் ஒருவர் ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்க அளவே ஒரு சதுரம்.

இரண்டாவது, திரும்பிச் செல்லும் வழியை முதலில் அமைத்தல். இதில் நிரலருக்குச் சிற்பிக்கு இல்லாத பேறு ஒன்று உண்டு. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் தொடங்கிய 'கிட்' என்னும் ஏற்பாடு, ஒவ்வொரு மாற்றத்தையும் நாட்குறிப்பைப் போலச் சேமித்து வைக்கிறது. உதவியாளரிடம் வேலையை ஒப்படைக்குமுன் அன்றைய நிலையைப் பதிந்து வைத்து, தனிக் கிளையில் வேலை செய்தால், வெட்டிய கல்லையும் திரும்ப ஒட்டலாம்.

மூன்றாவது, வீட்டு வழக்கத்தை எழுதிவைத்தல். இக்கருவிகளில் பல, வேலை தொடங்குமுன் படித்துக்கொள்ளும்படி ஒரு குறிப்புக் கோப்பை வைக்க இடம் தருகின்றன. இப்போது எங்கள் கோப்பின் முதல் வரி, "தேதி எப்போதும் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையிலேயே இருக்கும்" என்பது. இரண்டாம் வரி, "ஞானஸ்நான நாள் பிறந்த நாளுக்கு முந்தியதாக இருக்க முடியாது" என்பது. இரண்டாவதைச் சொன்னவர் உபதேசியார்!

நான்காவது, வினாத்தாளை மனிதர் தயாரித்தல். எது நேர்ந்தால் தவறு என்பதை அத்துறையை அறிந்தவரிடம் கேட்டு, அதனைச் சோதனையாக எழுதிய பின்பே உதவியாளரை நிரல் எழுதச் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, விளக்க இயலாத வரியை ஏற்காதிருத்தல். "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று உடன் பணிபுரிபவர் கேட்டால், "உதவியாளர் எழுதியது" என்பது விடையாகாது. நியூயார்க் பல்கலைக்கழகத்தார் 2021இல் 89 சூழல்களில் கோபைலட்டைச் சோதித்தபோது, அது எழுதியவற்றில் சுமார் 40 விழுக்காட்டில் பாதுகாப்புக் குறைகள் இருந்தன. ஓடுகின்ற நிரல் எல்லாம் பாதுகாப்பான நிரல் அன்று.

ஆறாவது, சாவிக்கொத்து முழுவதையும் கொடுக்காதிருத்தல். 2025 ஜூலையில் ரெப்லிட் நிறுவனத்தின் நிரல் உதவியாளர், எதையும் மாற்றலாகாது என்று கட்டளையிட்டிருந்த வேளையில், ஒரு வாடிக்கையாளரின் நடைமுறைத் தகவல் தளத்தையே அழித்துவிட்டது. மீட்க இயலாது என்றும் சொல்லிற்று. பின்னர் மீட்க முடிந்தது. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். மெய்யான தகவல் ஓரிடத்திலும், பழகும் தகவல் வேறிடத்திலும் இருந்தாக வேண்டும்.

ஏழாவது, பிறருடைய மறைவான செய்திகளைக் காத்தல். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணமுண்டு. பதிவேட்டின் வரிகளை அந்தக் கருவிக்குக் கொடுத்தாயா தம்பி என்று கேட்டபோது, முதல் வாரத்தில் இருபது வரிகளை அப்படியே ஒட்டியதாகத் தலைகுனிந்து ஒப்புக்கொண்டார். நம் பதிவேடுகளின் ஓரங்களில், தத்தெடுக்கப்பட்ட குழந்தை என்றும், தந்தை பெயர் தரப்படவில்லை என்றும் குறிப்புகள் உண்டு. அவை அக்குடும்பங்கள் நம்மை நம்பி ஒப்படைத்தவை. நம் நாட்டிலும் 2023இல் தனிநபர் மின்தகவல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. சட்டம் இல்லாவிடினும் கடமை கடமையே. இப்போது சோதனைக்குக் கற்பனைப் பெயர்களே பயன்படுகின்றன. ஓரக் குறிப்புகள் கணிப்பொறியில் ஏற்றப்படுவதே இல்லை.

பெற்றோருக்கு ஒரு சொல்

பிள்ளைகளின் வேலை என்னாகும் என்ற அச்சம் வீடுகளில் இருப்பதை அறிவேன். சிறுசேரியில் பெரும் வளாகம் கொண்ட டி.சி.எஸ். நிறுவனம் 2025 ஜூலையில் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு அதற்குக் காரணம் அன்று என அதன் தலைமை கூறிற்று. ஆயினும் கடன் வாங்கிப் பொறியியல் படிக்கவைத்த தாய் தந்தையரின் உறக்கம் கலைந்தது உண்மை. அவர்களிடம் எளிய ஆறுதல் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. தொடக்க நிலை ஊழியர் செய்துவந்த எளிய வேலைகள் பலவற்றை இக்கருவி செய்துவிடுகிறது. எதை எழுத வேண்டும், எழுதியது சரியா என்று தீர்மானிப்போரின் தேவை மட்டும் எஞ்சும். அந்தத் தீர்மானம் ஒருவனுக்குத் தானே எழுதி, தானே தவறி, தானே திருத்தியதால் வருவது. ஆகவே இன்னும் கல்லூரியில் பயிலும் பிள்ளைகள், கருவியின் துணையின்றி எழுதிப் பழகும் நேரத்தை நாள்தோறும் ஒதுக்கிக்கொள்வது நலம். மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கப்பட்ட சிற்பக் கல்லூரிக்குச் சென்று கேளுங்கள். கோடு போடத் தெரியாதவன் கையில் மின்சக்கரத்தைக் கொடுப்பார்களா?

திருச்சபையும் இதனைப் பொறியாளர்களின் விவகாரமாக விட்டுவிடவில்லை. 1891இல் தொழிலாளர் நிலைபற்றித் திருமடல் எழுதிய பதின்மூன்றாம் சிங்கராயரை நினைந்தே, 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை அப்பெயரைச் சூடினார். செயற்கை நுண்ணறிவு மனித உழைப்பின் மாண்புக்கு விடுக்கும் அறைகூவலை அவர் கர்தினால்மாரிடம் காரணமாகக் குறிப்பிட்டார்.

அந்த இளைஞரை நான் கடிந்துகொள்ளவில்லை. ஏனெனில் பிழையில் என் பங்கும் உண்டு. நிரலை எழுதியது இயந்திரமாக இருக்கலாம்; அதைப் படிக்காமல் ஏற்றது அவர்; அச்சில் அழகாக வந்ததைப் பதிவேட்டோடு ஒப்பிடாமல் கையொப்பமிட்டது நான். கையொப்பமிட ஒரு கையும், தவறினால் வாசல் ஏறி மன்னிப்புக் கேட்க இரண்டு கால்களும் இயந்திரத்திற்கு இல்லை. அவை நமக்கே உரியவை.

கணிப்பொறி இப்போதும் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. தேடும் வேலையை நொடியில் செய்கிறது. அந்த இளைஞரும் சனிக்கிழமைதோறும் வருகிறார். ஆனால் சான்றிதழ் அச்சானதும் உபதேசியார் அலமாரியைத் திறந்து, பழைய பதிவேட்டை எடுத்து, அப்பக்கத்தை என் முன் விரித்து வைக்கிறார். இரண்டையும் ஒப்பிட்ட பின்னரே பேனாவைத் திறக்கிறேன். இதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடங்கள்.